ஒன்றரை மீட்டர்

ஜூன் 5, திங்கள்

ஓசூர் வந்தாயிற்று. தூறல். லாட்ஜ் அறையில் ஜன்னல் சரியாகச் சாத்தவில்லை. செய்தித்தாளை மடித்துச் செருகியிருக்கிறேன்.

காலை பத்தேகாலுக்கு அலுவலகம் போனேன். மூன்றாவது மாடி. வாசல் காவலாளி பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, "சாமானெல்லாம் தூக்கிட்டுப் போக வந்திருக்கற சாரா?" என்றான். அதற்குள் பேச்சு பரவிவிட்டிருக்கிறது.

எங்கள் நிறுவனத்துக்குப் பதினான்கு ஊர்களில் அலுவலகம். பதின்மூன்றில் மேசை, நாற்காலி, விளக்கு, அறிவிப்புப் பலகை, தீயணைப்பு சிலிண்டர் எல்லாம் ஒரே அளவு, ஒரே இடம், ஒரே நிறம். மதுரையில் கண்ணைக் கட்டி உட்கார வைத்தாலும் சேலத்தில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அந்த ஒழுங்குக்கு ஒரு கையேடு இருக்கிறது. தொண்ணூற்றாறு பக்கம். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அதை எழுதியவன் நான். பதினான்காவது இந்த ஓசூர். தொலைபேசியில் வாடிக்கையாளர் புகார் கேட்கும் நூற்றுப் பன்னிரண்டு பேர்.

மேலாளர் டேனியல் குணசீலன் கை கொடுத்தார். "எத்தன வாரம் சார் இருப்பீங்க?" என்று கேட்டார். வந்து பத்து நிமிடம் ஆகவில்லை. ஆறு என்றேன். நாட்காட்டியைப் பார்த்தார்.

யாரும் டீ கொடுக்கவில்லை. கீழே போய்க் குடித்தேன்.

ஜூன் 7, புதன்

அகற்ற வேண்டியவற்றின் கணக்கெடுப்பு. இருபத்து மூன்று தலையணை, ஒன்பது மேசை விசிறி, ஒரு மீன்தொட்டி. மீன்தொட்டியை மின்பலகைக்கு மேலே வைத்திருக்கிறார்கள். இவர்கள் உயிரோடு இருப்பதே ஆச்சரியம். மீன்தொட்டியை எடுக்கச் சொன்னதற்கு ஒரு பெண் அழுதாள். மீன்களை எடுக்கச் சொல்லவில்லை, தொட்டியைத்தான் என்றேன். அதற்கு எல்லோரும் என்னைப் பார்த்த பார்வை.

ஜன்னலோர வரிசையில் முனிரத்னா என்று ஒருத்தி. முப்பது வயதிருக்கும். நாலரை அடிதான் உயரம். நாற்காலிக்குக் கீழே ஒரு மர முக்காலி, பச்சைப் பெயிண்ட் அடித்தது. அதன்மேல் கால் வைத்திருந்தாள். கையேடு பக்கம் பத்தொன்பது: சொந்த மரச்சாமான் கூடாது, தடுக்கி விழும் அபாயம்.

"இதை எடுத்துடுங்க."

"எடுத்தா கால் தொங்கும் சார். சாயந்திரம் வீங்கிடும்."

"நாற்காலியை இறக்கிக்குங்க."

"இறக்குனா மேசை தாடைக்கு வருது." இறக்கியும் காட்டினாள். பக்கத்து வரிசைக்காரர்கள் சிரித்தார்கள், என்னைப் பார்த்து.

"அடுத்த வாரம் புது நாற்காலி, புது மேசை வருது. அப்புறம் இது தேவைப்படாது."

"வரட்டும் சார். பொருந்துச்சுன்னா நானே வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுறேன்."

பேச்சில் மரியாதை இருந்தது. அந்த மரியாதைதான் எரிச்சலாக இருந்தது.

ஜூன் 12, திங்கள்

லாரி வந்தது. நூற்றுப் பன்னிரண்டு மேசை, நூற்றுப் பன்னிரண்டு நாற்காலி, ஒரு கீறல் இல்லை. தச்சர் நஞ்சுண்டன் நல்ல வேலைக்காரர். ரசமட்டம் வைத்துச் சமம் பார்க்காமல் ஓர் ஆணி அடிப்பதில்லை. இந்த ஊரில் எனக்குப் பிடித்த ஒரே ஆள்.

மாலையில் பதினொரு தீயணைப்பு சிலிண்டர் மாட்டினோம். கைப்பிடி தரையிலிருந்து ஒன்றரை மீட்டரில். அதற்கும் மேலே கொக்கி. தூக்கித்தான் எடுக்க வேண்டும்.

"இவ்ளோ மேலயா சார்?" என்றார் நஞ்சுண்டன்.

"போற வர்றவங்க இடிச்சுக்க மாட்டாங்க. தூரத்துல இருந்தே கண்ணுல படும்."

"கண்ணுல படும். சரி." துளை போட்டார்.

ஜூன் 15, வியாழன்

புது நாற்காலியில் எல்லோரையும் உட்கார வைத்தாயிற்று. முனிரத்னாவின் மேசைக்கடியில் அதே முக்காலி. பொருந்தவில்லை என்கிறாள். பதின்மூன்று ஊரில் ஆயிரத்துச் சொச்சம் பேருக்குப் பொருந்தியது இவளுக்குப் பொருந்தவில்லை. ஒருத்திக்கு விட்டுக்கொடுத்தால் நாளைக்கு மீன்தொட்டி திரும்பி வரும்.

அவள் சாப்பிடப் போன நேரத்தில் முக்காலியை எடுத்துச் சாமான் அறையில் வைத்துப் பூட்டினேன்.

திரும்பி வந்ததும் நேராக என் மேசைக்கு வந்தாள்.

"என் பொருள் சார் அது. என் வீட்டுக்காரர் செஞ்சது."

"வேலையை விட்டுப் போகும்போது வாங்கிக்கலாம்."

அப்படிச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. வீட்டுக்குப் போகும்போது என்று சொல்லத்தான் நினைத்தேன். திருத்தவில்லை. அவள் போய்விட்டாள்.

ஜூன் 16, வெள்ளி

என் அளவெடுக்கும் டேப்பைக் காணவில்லை. ஆண்கள் கழிவறை வாஷ்பேசினில் தண்ணீருக்குள் கிடந்தது.

ஜூன் 21, புதன்

கழுவிக் காயவைத்தும் டேப் சுருள மாட்டேன் என்கிறது. புதிது வாங்கினேன்.

ஒவ்வொரு ஷிப்டுக்கும் ஒரு தீ பாதுகாப்புப் பொறுப்பாளர் வேண்டும். காலை ஏழு மணி ஷிப்டுக்கு முதலில் வந்து கதவைத் திறப்பது முனிரத்னா. ஆகவே அவள் பெயர். இதில் வேறு எந்த நோக்கமும் இல்லை. முதலில் வருபவர் பெயரைப் போட வேண்டும் என்று கையேட்டில் இருக்கிறது.

"அந்த சிலிண்டர என்னால எடுக்க முடியுமான்னு பாத்தீங்களா சார்?" என்று கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை பயிற்சி இருக்கு. அப்பப் பாக்கலாம்."

கையெழுத்துப் போட்டாள்.

ஜூன் 23, வெள்ளி

பயிற்சி. எல்லோரையும் சாப்பாட்டு அறைக்கு முன்னால் நிற்க வைத்தேன். பொறுப்பாளர்கள் ஒவ்வொருவராக வந்து சிலிண்டரைக் கொக்கியிலிருந்து எடுத்துத் தரையில் வைக்க வேண்டும். மூன்று பேர் எடுத்தார்கள். நான்காவது முனிரத்னா. கை எட்டியது, கொக்கியிலிருந்து தூக்க முடியவில்லை. எம்பினாள். சிலிண்டர் சுவரில் மோதிச் சத்தம் எழுந்தது. இரண்டாம் முறையும் எம்பினாள். பின்னாலிருந்து யாரோ சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள். இத்தனை நாளும் என்னைப் பார்த்துச் சிரித்த கூட்டம்.

நான் சிரிக்கவில்லை. புன்னகை என்றுதான் சொல்ல வேண்டும். அவள் திரும்பியபோது நேராக என் முகத்தைத்தான் பார்த்தாள்.

"போதும், பக்கத்துல யாராவது இருப்பாங்க, அவங்க எடுத்துத் தருவாங்க" என்று சொல்லிப் பயிற்சியை முடித்தேன்.

ஜூன் 24, சனி

முனிரத்னா ஒரு கடிதம் கொண்டுவந்தாள். கையால் எழுதியது. சிலிண்டர் எட்டவில்லை, இறக்கி மாட்ட வேண்டும், அல்லது தன்னைப் பொறுப்பிலிருந்து விடுவிக்க வேண்டும். அதோடு ஒரு பட்டியல்: காலை ஷிப்டில் முப்பத்தொரு பேரை நிற்க வைத்து அளந்திருக்கிறாள். அதில் எட்டுப் பேரால் சிலிண்டரைச் சரியாக இறக்க முடியவில்லையாம். இரண்டு பேர் ஆண்கள். பெயர், உயரம் எல்லாம் நேர்கோடு போட்டு ஒழுங்காக எழுதியிருக்கிறாள்.

"பெற்றுக்கொண்டேன்னு இதுல ஒரு கையெழுத்துப் போட்டுத் தாங்க சார்."

"அதெல்லாம் தேவையில்லை. பாத்துக்கறேன்."

கீழ் டிராயரில் வைத்திருக்கிறேன். கையேட்டை அடுத்த முறை திருத்தும்போது பார்க்கலாம்.

ஜூன் 27, செவ்வாய்

வேலை முடிந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து கௌசல்யா மேடம் போன். "பதினாலுக்குப் பதினாலு. உங்களாலதான் முடிஞ்சது சிவசைலம்" என்றார். மேடம் கையேட்டைத் திறந்து ஒரு பக்கமும் படித்ததில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சந்தோஷமாக இருந்தது. சொன்னதற்குக் கிட்டத்தட்ட மூன்று வாரம் முன்னதாகவே முடித்துவிட்டேன். சனிக்கிழமை சென்னைக்கு டிக்கெட் போட்டேன்.

ஜூன் 28, புதன்

காலையில் சாப்பாட்டு அறையில் தீ. முனிரத்னாவுக்கு அடி. மருத்துவமனை.

ஜூன் 29, வியாழன்

நேற்று எழுத முடியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஆறே முக்காலுக்கு முனிரத்னா கதவைத் திறந்திருக்கிறாள். பிறகு வந்த இரண்டு பேர் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கோடியில் உட்கார்ந்துவிட்டார்கள். சாப்பாட்டு அறையில் மைக்ரோவேவ் அடுப்பின் பிளக்கில் பொறி பறந்து, கீழே குப்பைக் கூடையில் தீ பிடித்திருக்கிறது. அவள் கத்தியது அந்த இரண்டு பேருக்கும் கேட்கவில்லை. சிலிண்டரை எடுக்கப் போயிருக்கிறாள். எட்டவில்லை. பக்கத்தில் ஏறி நிற்க ஒன்றும் இல்லை. சக்கர நாற்காலி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்து அதன்மேல் ஏறி, சிலிண்டரைத் தூக்கியும் விட்டாள். நாற்காலி உருண்டது. சிலிண்டரோடு விழுந்தாள். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிவு, நெற்றியில் ஆறு தையல்.

சத்தம் கேட்டுக் காவலாளி ஓடிவந்து மின்சாரத்தை நிறுத்தி, கீழே கிடந்த அதே சிலிண்டரை எடுத்துத் தீயை அணைத்தான். ஓர் அலமாரியும் அடுப்பும் கரி.

மருத்துவமனைக்குப் போனேன். அவள் கணவர் சீனப்பா வார்டு வாசலில் நின்றார். வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். "உள்ள போகாதீங்க" என்றார். போகவில்லை.

டிக்கெட்டை ரத்து செய்தேன். செவ்வாய்க்கிழமை விசாரணை, கௌசல்யா மேடமே வருகிறார்.

ஜூலை 1, சனி

அலுவலகம் அரை நாள். எல்லோரும் போன பிறகு நஞ்சுண்டனை வரச் சொல்லிச் சில பராமரிப்பு வேலைகள். பதினொரு சிலிண்டரையும் இடுப்பளவுக்கு இறக்கி மாட்டினோம். பழைய துளைகளைப் பட்டி வைத்து அடைத்து, தேய்த்து, பெயிண்ட் அடிக்கச் சொன்னேன். பாதுகாப்புக்காகச் செய்யும் எந்தத் திருத்தத்தையும் தள்ளிப்போடக் கூடாது.

"நாலு நாளைக்கு முன்ன இறக்கியிருக்கலாம் சார்" என்றார் நஞ்சுண்டன்.

"இப்ப இறக்கறோம் இல்லையா?"

"துளைய எதுக்கு மறைக்கிறோம்?"

"சுவர் அசிங்கமா இருக்கும்."

அவர் பட்டிக் கத்தியைத் துடைத்தார். "செஞ்சு குடுத்துடுறேன். இனிமே உங்க வேலைக்குக் கூப்பிடாதீங்க சார்."

பெயிண்ட் நிறம் அப்படியே ஒத்துப்போயிற்று. பதினான்கு ஊரிலும் ஒரே நிறம் என்பதால் டப்பா கைவசம் இருந்தது.

ஜூலை 2, ஞாயிறு

சட்டைகளைத் துவைத்தேன். காயவில்லை. கீழ் டிராயரில் இருந்த தாள்களை லாட்ஜுக்குக் கொண்டுவந்து பெட்டியில் வைத்திருக்கிறேன். அலுவலக டிராயருக்குச் சரியான பூட்டு இல்லை.

ஜூலை 4, செவ்வாய்

விசாரணை ஒரு மணி நேரம். கௌசல்யா மேடம், டேனியல், நான். மூன்று பேரும் சாப்பாட்டு அறைக்குப் போனோம். மேடம் சுவரைப் பார்த்தார். கையை நீட்டிச் சிலிண்டரின் கைப்பிடியைத் தொட்டார். அவர் இடுப்புக்கு நேராக இருந்தது.

"இதை எடுக்கறதுக்கா நாற்காலி மேல ஏறினா?"

டேனியல் என்னைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

"ஒரு சின்னக் குழந்தை எடுக்கும் இதை" என்றார் மேடம். "பதட்டத்துல என்ன செய்றோம்னே தெரியாம செஞ்சிருக்கா. சக்கர நாற்காலி மேல ஏறக் கூடாதுன்னு நம்ம கையேட்டுல இருக்கா?"

"இருக்கு மேடம். பக்கம் நாற்பது."

"முன்னாடி எழுத்துல ஏதாவது புகார் குடுத்திருந்தாளா?"

"இல்லை."

இதை நான் சொன்னேன். கேள்வி முடிவதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

ஜூலை 6, வியாழன்

முடிவு வந்தது. முனிரத்னாவுக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை. அவள் ஒப்பந்த ஊழியர். ஆகஸ்டில் நிரந்தரம் ஆக வேண்டியவள். எச்சரிக்கை இருந்தால் ஆகாது. அதை நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். டேனியல், தனக்குக் காய்ச்சல் என்றார். காய்ச்சல் மாதிரி தெரியவில்லை.

ஜூலை 7, வெள்ளி

ரயில் நிலையத்துக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. மழை. சீனப்பா கதவைத் திறந்தார், வழியை விட்டு விலகவில்லை. உள்ளேயிருந்து அவள் குரல்: "வரட்டும் விடு."

குனிந்துதான் உள்ளே போக முடிந்தது. கொடிக் கம்பி என் கழுத்துக்கு நேராக இருந்தது. சமையல் மேடை என் தொடை உயரம். சுவிட்சுகள், ஆணிகள், சாமி படம், கண்ணாடி எல்லாமே தாழ்வாக, அவளுக்கு நேராக. அந்த வீட்டில் அவள் குள்ளமாகத் தெரியவில்லை. ஆறடி நான்தான் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றேன்.

கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் தாளை வாங்கி மெதுவாகப் படித்தாள். இரண்டாம் பத்தியில் நிறுத்தினாள்.

"கைக்கெட்டும் உயரத்தில் இருந்த சிலிண்டரை எடுக்க, தேவையில்லாமல் நாற்காலி மேல் ஏறி. இப்படிப் போட்டிருக்கு."

"ஆமாம்."

"கைக்கெட்டும் உயரத்துலயா சார் இருந்துச்சு?"

"விசாரணையில அப்படித்தான் முடிவாச்சு."

"விசாரணைய நான் கேக்கல. உங்களக் கேட்டேன்."

சீனப்பா ஒரு அடி முன்னால் வந்தார். "கேக்குறால்ல. வாயத் தொறந்து சொல்லுங்க."

நான் பேனாவை நீட்டினேன்.

சீனப்பா, "போடாத ரத்னா" என்றார். அவள் வாங்கினாள். "போடலன்னா திரும்ப வருவாரு. இவர இந்த வீட்டுல இன்னொரு தடவ பாக்க எனக்கு இஷ்டமில்ல." இடது கையால், குழந்தை எழுதுவது மாதிரி கோணல்மாணலாகத் தன் பெயரை எழுதினாள். எழுதி முடிக்க நேரமாயிற்று. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"அந்தக் கடிதம் எங்க சார்? கிழிச்சுட்டீங்களா?"

"இல்லை" என்றேன். அந்த வீட்டில் நான் சொன்ன ஒரே உண்மை.

ஜூலை 8, சனி

வெளியே போகவில்லை.

ஒன்றரை மீட்டர் எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் சென்னை அலுவலகத்தில், சுவர் முன்னால் ஷூவோடு நின்று கையை நீட்டினேன். கைக்கு வசதியாக இருந்த இடத்தில் பெயிண்டர் பென்சிலால் கோடு போட்டார். அளந்தேன். சரியாக நூற்றைம்பது சென்டிமீட்டர். முழு எண்ணாக வந்ததில் திருப்தி. எழுதிக்கொண்டேன். பெயிண்டர் என் தோளுக்குத்தான் இருந்தார். அவரை நிற்க வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

வேறு எந்தப் புத்தகத்திலும் பார்த்து நான் அதை எழுதவில்லை. மேசையையும் அப்படித்தான்.

ஜூலை 10, திங்கள்

கௌசல்யா மேடத்துக்கு ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். சிலிண்டர் எந்த உயரத்தில் இருந்தது, எந்தத் தேதியில் நான் இறக்கினேன், துளையை ஏன் அடைத்தேன், விசாரணையில் நான் சொன்னது பொய். முனிரத்னாவின் கடிதத்தையும் பட்டியலையும் இணைத்திருக்கிறேன்.

இருபது நிமிடத்தில் போன். "சிவசைலம், ஓய்வுக்கு இன்னும் எத்தனை வருஷம்?"

"ஏழு மேடம்."

"இத நான் இன்னும் படிக்கல. சாயந்திரத்துக்குள்ள திரும்ப வாங்கிக்குங்க. அந்தப் பொண்ணுக்கு வேற ஏதாவது நல்லது பண்ணிடலாம்."

"டேனியலுக்கும் ஒரு பிரதி குடுத்துட்டேன் மேடம்."

"முட்டாள்" என்றார். வைத்துவிட்டார்.

டேனியல் படித்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். "அன்னிக்கு அந்த ரூம்ல நானும்தான் சார் இருந்தேன். இதுல என் பேரு இல்லையே."

"நீங்க போடணும்னா போடுங்க. உங்களுக்காக நான் எழுத முடியாது."

மாலை வரைக்கும் அவர் தன் அறையை விட்டு வெளியே வரவில்லை. ஐந்தரைக்கு அவர் அனுப்பிய கடிதத்தின் நகல் எனக்கு வந்தது. நான்கு வரி. போதும்.

ஜூலை 14, வெள்ளி

எச்சரிக்கை ரத்து. முனிரத்னாவின் நிரந்தரம் உறுதி. பதின்மூன்று ஊரிலும் சிலிண்டர்களை இறக்க உத்தரவு. கையேட்டை வேறு ஒருவர் புதிதாக எழுதுவார். என் ராஜினாமாவை இம்மாதக் கடைசிக்குள் எதிர்பார்க்கிறார்கள்.

ஜூலை 24, திங்கள்

பொருட்களை ஒப்படைத்துவிட்டேன். ராஜினாமாவையும். ஓசூர் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். சென்னை வண்டிக்கு நேரமிருக்கிறது.

மூன்று மணிக்கு எனக்குச் சால்வை போட்டார்கள். மீன்தொட்டிப் பெண்தான் போட்டாள். என்னைத் தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்காதவர்கள், தைரியமாக உண்மையைச் சொன்ன மனிதர் என்று பேசினார்கள். ஒருவர் கண் கலங்கினார். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. அவர்கள் சொல்லும் ஆள் யார் என்று கேட்க வேண்டும்போல இருந்தது. கேட்கவில்லை. கேக் வெட்டினேன்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால், லிஃப்ட் முன்னால் முனிரத்னா. மருத்துவச் சான்றிதழ் கொடுக்க வந்தவர், கூட்டத்துக்குள் வரவில்லை. நெற்றியில் தழும்பு. கட்டு இன்னும் பிரிக்கவில்லை.

"கை எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"விரல் மடங்க மாட்டேங்குது. பழையபடி முழுசா வராதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன். அவர் இடது கையை உயர்த்தி நிறுத்தினார்.

"வேணாம் சார். உள்ள எல்லாரும் உங்கள நல்லவருன்னு பேசுறாங்க. பேசட்டும். நான் பேச மாட்டேன்."

"பேச வேண்டாம்" என்றேன்.

லிஃப்ட் வந்தது. அவர் உள்ளே போய்த் திரும்பி நின்றார். உள்ளே ஆறு பேருக்கு இடம் இருந்தது. நான் பெட்டியைத் தூக்கினேன்.

"நீங்க படியில வாங்க" என்றார்.

கதவு மூடும் வரைக்கும் நின்றுவிட்டு, மூன்று மாடியும் படியில் இறங்கினேன்.